ஊசியில கவிச்சி இருக்குமா டாக்டரம்மா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பாட்டி, வயது 65. "காலைக் கீழ வெச்சா பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்றார். பேரன் பிழைத்து வந்தால் இனி கவிச்சியே தொடுவதில்லை என்று பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டு 6 வருஷம் ஆகிறதாம். ரத்தத்தில் பி12 வைட்டமின் ரொம்பக் குறைவு. நான் கறி சாப்பிடுகிறவள், யோசிக்காமல் "வாரம் நாலு முட்டை சாப்பிடுங்க பாட்டி, சரியாயிடும்" என்றேன். அவர் பேசாமல் எழுந்து போனார், மூன்று மாதம் ஆளையே காணோம். தப்பு என்னுடையதுதான். ஆறு வருஷ வேண்டுதலை ஒரு முட்டைக்கு விட்டுவிடுவார் என்று எப்படி நினைத்தேனோ!

மறுபடி வந்தபோது கையில் கம்பு. ஊசி போடலாம் என்றதும் அவர் கேட்டதுதான் மேலே தலைப்பில் இருக்கிறது.

சத்தியமாக நல்ல கேள்வி. பி12-ஐச் செடியும் செய்யாது, ஆடு மாடும் செய்யாது, பாக்டீரியா மட்டும்தான் செய்யும். மாட்டின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியா செய்வதுதான் பாலுக்கும் கறிக்கும் வந்து சேர்கிறது. மருந்துக் கம்பெனியிலும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள், அதனால் ஊசி மருந்தில் கவிச்சி இல்லை. ஆனால் கேப்ஸ்யூல் கூடு பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டுத்தோல், எலும்பிலிருந்து வருவது. சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கே அதை எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேனோ, இப்போதெல்லாம் கேட்டுவிட்டு மாத்திரையாக எழுதுகிறேன்.

சைவம் உடம்புக்கு ஆகாது என்று யாரும் கிளம்ப வேண்டாம். இதே மலையில் தோடர் பழங்குடிகள் காலங்காலமாகப் பெரும்பாலும் கறி சேர்க்காமல் வாழ்ந்தவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு எருமைப்பாலும் தயிரும் நெய்யும் தாராளமாக இருந்தன. பாட்டிக்கு மூன்று டம்ளர் டீயில் விழுகிற பால்தான். ஒரு நாள் தேவையான சுமார் 2.2 மைக்ரோகிராம் பி12-க்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர் பால் வேண்டும். இட்லி மாவு புளிப்பதாலோ ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடியாலோ அது கிடைத்துவிடாது. கறியை விட்டவுடன் ஒன்றும் தெரியாது, ஈரலில் சேர்ந்திருப்பது சில வருஷம் ஓட்டும், அதற்கப்புறம்தான் கால் மரத்துப்போவது, நாக்குப் புண், மறதி எல்லாம். அப்புறம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற நம்ம ஊர்ப் பழக்கம் கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

"கொன்னா பாவம் தின்னா போச்சு"ன்னு லைன்வீட்டில் எல்லோரும் கிண்டல் பண்ணுகிறார்கள் என்றார் பாட்டி. பாவ புண்ணியத்துக்கு நான் டாக்டர் இல்லை, ஊசியைப் போட்டேன்.

கூட வந்த தாத்தாவுக்கு ஒரே சிரிப்பு. ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர், சர்க்கரைக்கு 8 வருஷமாக மெட்ஃபார்மின் போடுகிறார். அந்த மாத்திரை பி12 உடம்பில் சேருவதைக் குறைக்கும். எதற்கும் பார்ப்போம் என்று அவருக்கும் ரத்தம் எடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேருக்கும் பி12 ஊசி.