பளபளக்கிற சீட் சுத்தமான சீட் இல்லை

பாளையங்கோட்டையில் கார் சீட் வேலை செய்யும் பட்டறை நடத்துகிறேன். லெதர் சீட் வேலைக்காக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "அண்ணாச்சி, சீட்டு நல்லா பளபளன்னு இருக்கணும்" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: வண்டியை ஷோரூமில் எடுத்த அன்றைக்கு சீட் பளபளத்ததா? யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்பார்கள். புது லெதர் சீட் மங்கலாகத்தான் இருக்கும். கையை வைத்தால் வழுக்காது, பிசுபிசுக்காது. பளபளப்பு அப்புறம் வந்து சேர்வது. உடம்பு எண்ணெய், வியர்வை, தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய், அதன்மேல் படிந்த தூசி, அதற்கும் மேல் வாட்டர் சர்வீஸில் அடித்துவிட்ட டாஷ்போர்டு பாலிஷ், இத்தனையும் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கினால் சீட் மின்னத்தான் செய்யும். வெயிலும் வயசும் சீட்டைக் கெடுப்பது உண்மை. ஆனால் என்னிடம் வருகிற பல சீட்டுகள் அக்கறையோடு எதையாவது தடவித் தடவியே கெட்டுப்போனவை.

கார் லெதர் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் பாதித் தவறு நின்றுவிடும். பதனிட்ட தோல் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனம் இருக்கும். அதன்மேல் நிறப்பூச்சு அடிப்பார்கள். அதற்கு மேல் பாலியூரித்தேன் என்ற நிறமில்லாத பிளாஸ்டிக் பூச்சு ஒன்று. இரண்டு பூச்சும் சேர்ந்து ஒரு தாளின் கனம்கூட வராது. நீங்கள் சீட்டில் உட்காரும்போது உடம்பு படுவது இந்தப் பூச்சின்மேல்தான், தோலின்மேல் அல்ல. துடைப்பது, தேய்ப்பது, தடவுவது எல்லாமே இதன்மேல்தான். சீட் வெளுப்பது, கோடு கோடாக வெடிப்பது எல்லாம் முதலில் இந்தப் பூச்சில்தான் தொடங்குகிறது.

"தோல் காய்ந்து போகும், எண்ணெய் வைக்கணும்" என்று பெரியவர்கள் சொல்வது பழைய தோலுக்குச் சரி. ஆவாரம்பட்டையில் பதனிட்டுச் செய்த நாட்டுச் செருப்பு, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கமலைத் தோல் போன்றவற்றுக்கு மேல்பூச்சு கிடையாது. எண்ணெய் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், தோல் மெதுவாகும். கார் சீட் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டு, மேலே பூச்சு போட்டு மூடியது. அதில் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவினால் மேலேயே நிற்கும், தூசியைப் பிடிக்கும். தையல் ஓட்டை வழியாகவும் வெடிப்பு வழியாகவும் இறங்குகிற கொஞ்சம் எண்ணெய் உள்ளே சிக்கெடுத்து நாறும். அதோடு பூச்சையும் மெல்ல மெல்ல இளக வைக்கும். இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ஓட்டுநர் சீட்டின் ஹெட்ரெஸ்டைப் பாருங்கள். தலை படுகிற இடத்தில் மட்டும் கறுத்துப்போய், நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி சுருண்டு வரும். தலை எண்ணெய் செய்த வேலை அது. ஹெட்ரெஸ்டில் ஒரு பருத்தித் துண்டைப் போட்டுவைத்து, வாரம் ஒருமுறை துவைத்தால் போதும், இது வராது.

கடையில் விற்கும் லெதர் கண்டிஷனரும் பூச்சு போட்ட தோலுக்குள் இறங்கி எதையும் ஊட்டிவிடாது. தண்ணீரில் கலந்த நல்ல கிரீம் ஒன்றை, சீட்டைச் சுத்தம் செய்த பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை மெல்லிசாகத் தடவலாம். உராய்வு குறையும், கறை சீக்கிரம் பிடிக்காது. அவ்வளவுதான் அதன் வேலை.

இன்னொன்று. உங்கள் சீட் லெதர்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சாலையில் ஓடும் கார்களில் லெதர் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி லெதரெட், அதாவது துணியின்மேல் பிவிசி அல்லது பாலியூரித்தேன் பூசியது. நாம் ரெக்சின், ஆர்ட் லெதர் என்று சொல்வதும் இந்த வகைதான். நிஜ லெதர் போட்ட கார்களிலும் பல மாடல்களில் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் லெதர், பக்கமும் பின்புறமும் ரெக்சின். சீட்டின் அடியில் ஜிப்போ மடிப்போ இருக்கும் இடத்தில் உள்பக்கத்தைப் பாருங்கள். துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். நார் நாராக, வெல்வெட் போல இருந்தால் தோல். ரெக்சினை மிதமான சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தால் போதும், லெதர் கிரீமுக்குச் செலவழிக்க வேண்டாம். செதில் செதிலாக உரிய ஆரம்பித்த பாலியூரித்தேன் சீட்டை யாராலும் மீட்க முடியாது. சூடும் ஈரமும் சேர்ந்து அந்தப் பூச்சையே சிதைத்திருக்கும். அதன்மேல் கலர் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். அடித்த கலரும் செதிலோடு சேர்ந்தே உரியும். கவரை மாற்றுவது ஒன்றே வழி.

இனி நம் ஊருக்கு வருவோம். கத்திரி வெயிலில் வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் ஏறினால் சீட் சுடுகிறது என்று குதிப்போம். அந்தச் சூடும் புற ஊதாக் கதிரும் தினமும் பூச்சின்மேல் விழுகிறது. முன்கண்ணாடிக்குள் ஒரு மறைப்பு வைப்பது எந்தக் கிரீமையும்விட நல்லது. அடுத்தது மண். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத் தேரிச் செம்மணலும், மானூர் பக்கக் கரிசல் புழுதியும் செருப்போடும் வேட்டியோடும் சீட்டுக்கு ஏறும். தேரி மணல் பார்க்கப் பொடியாக இருக்கும், ஆனால் அதன்மேல் உட்கார்ந்து நெளிந்தால் உப்புத்தாள் வேலை செய்துவிடும். உவரி, கூடங்குளம் பக்கம் கடற்கரைக்குப் போய்வந்த ஈர உடையில் உப்பு இருக்கும். குற்றால சீசனில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு அப்படியே சீட்டில் ஏறுவதும், ஈரத் துணிப் பையை பின்சீட்டில் வைத்துத் திருநெல்வேலி வரை வருவதும் நம் வழக்கம். தையல் வழியாகத் தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் மேலே துடைத்து ஒன்றும் ஆகாது. நாலு நாள் கழித்து வாடை வரும்போதுதான் தெரியும்.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் வாக்குவம். தையல் இடுக்கில் மெல்லிய பிரஷ் வைத்து மணலை வெளியே எடுத்துவிட வேண்டும். மணல் இருக்கும்போது ஈரத்துணி போட்டால் நீங்களே சீட்டைத் தேய்த்துக் கீறுகிறீர்கள். அப்புறம் லெதர் கிளீனர். நம் குளியல் சோப்பு, பாத்திர சோப்பு, சமையல் சோடா, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். தோல் அமிலப் பக்கம் இருக்கும் பொருள். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) அதற்குச் சுமார் 4, 5 இருக்கும். கட்டி சோப்பு 9, 10-இல் இருக்கும் காரம். காரம் இறங்க இறங்கத் தோல் விறைக்கும். கிளீனர் கிடைக்கவில்லை என்றால் ஒரு மக் தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு நாலு சொட்டு விட்டுக்கொள்ளலாம்.

கிளீனரை சீட்டில் ஊற்றாதீர்கள். பிரஷ்ஷில் விட்டு நுரை வரவையுங்கள். பிரஷ் உங்கள் கன்னத்தில் தேய்த்தால் வலிக்காத அளவு மெதுவாக இருக்க வேண்டும். சீட்டில் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரைக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு வட்ட வட்டமாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். வெள்ளை நுரை கொஞ்ச நேரத்தில் டீ நிறத்துக்கு மாறும். அது காயும் முன்பே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் அழுக்கு திரும்பவும் தோலின் ரேகைக்குள் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது முறை தேய்க்கும்போது நுரை வெள்ளையாகவே நின்றால் அந்த இடம் முடிந்தது. அப்போது பார்த்தால் மின்னிக்கொண்டிருந்த இடம் மங்கி, தோலின் சின்னச் சின்ன ரேகைகள் எழுந்து தெரியும். வண்டிக்காரரைக் கூப்பிட்டு விரலை வைத்துப் பார்க்கச் சொல்வேன். சுத்தம் செய்த இடம் உலர்வாக இருக்கும், பக்கத்து இடம் விரலில் ஒட்டும்.

காற்று வரும் சீட்டுகளில் பொடி ஓட்டைகள் இருக்கும். அதில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. ஈரம் நேராக ஃபோமுக்கும் உள்ளே இருக்கும் ஃபேனுக்கும் போகும். பிழிந்த துணியில் நுரையைத் தொட்டு மட்டுமே துடைக்க வேண்டும்.

கறை விஷயத்தில் உடனே கவனிப்பது நல்லது, வேகமாகத் தேய்ப்பது கெட்டது. இருட்டுக்கடையில் வாங்கிய அல்வா சூட்டோடு மடியிலிருந்து சீட்டில் விழுந்தால் உடனே காகிதத்தால் ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். மஞ்சள்தூள் கறைக்கு சோப்பு போட்டால் சிவந்துவிடும். காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும். ஈரத்துணியால் முடிந்தவரை எடுத்துவிட்டு மிச்சத்தை வெளிச்சத்துக்கு விட்டுவிடுங்கள், நாளாவட்டத்தில் மங்கும். பேனா மைக்கு நெயில் பாலிஷ் ரிமூவரை எடுக்காதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் மையோடு சீட்டின் நிறத்தையும் கரைத்துவிடும். புது ஜீன்ஸின் நீலம் வெளிர் நிற சீட்டில் ஏறினால் அந்த வாரமே துடைக்க வேண்டும், மாசக்கணக்கில் விட்டால் பூச்சுக்குள் இறங்கிவிடும். கைக்கு சானிடைசர் போட்டால் அது காய்ந்த பிறகு சீட்டைத் தொடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையும் தாமிரபரணி வெள்ளமும் எத்தனை வண்டிகளை முக்கி எடுத்தது என்று நம் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த லெதர் சீட்டை வெயிலில் போட்டுக் காயவைக்கக் கூடாது. ஈரத்தோடு சூடு சேர்ந்தால் தோல் சுருங்கி விறைக்கும், பிறகு ஃபோமில் ஏறாது. நிழலில், ஃபேன் காற்றில், கவரையும் ஃபோமையும் பிரித்துக் காயவைக்க வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தால் வண்டிக்குள் வைத்துத் தட்டாமல் வெளியே கொண்டுவந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு துடையுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் சீட்டின் மேல்பக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சீட் முன்னும் பின்னும் நகரும் இரும்பு ரெயிலில் வண்டல் மண் இருக்கிறதா, அடியில் உள்ள ஸ்பிரிங், போல்ட் எல்லாம் துருப்பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெடித்த, நிறம் போன லெதரைச் சரிசெய்ய முடியும். ஓட்டுநர் சீட்டின் வலதுபக்க ஓரம்தான் முதலில் போகும். ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பு அதை உரசுகிறது. வேலை இப்படி நடக்கும்: சுத்தம், அடுத்து ஆல்கஹாலில் எண்ணெய்ப் பசை எடுப்பது, 600-லிருந்து 1000 வரை நம்பர் உள்ள உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பது, வெடிப்பை அடைக்க வளையும் தன்மையுள்ள ஃபில்லர் பசை, பிறகு மெல்லிசு மெல்லிசாகக் கலர், கடைசியில் மங்கலான மேல்பூச்சு. கிழிசல் என்றால் அடியில் துணி வைத்து ஒட்டிய பிறகுதான் ஃபில்லர். சிலிக்கோன் பாலிஷ் அடித்து அடித்து வைத்த சீட்டில்தான் எங்களுக்குப் பாடு அதிகம். கலர் நிற்காமல் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும். கலர் சேர்ப்பதை டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது, பகல் வெளிச்சத்தில், வெயில் படாத மறைவான பகுதியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சில இடங்களில் ஷூ பாலிஷையோ சாதாரண ஸ்பிரே பெயிண்டையோ போட்டு ஒரு மணி நேரத்தில் வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்கு வெள்ளை வேட்டியில் போய் இறங்கும்போது பின்பக்கம் கறுப்பு ஒட்டியிருக்கும். வேலை முடிந்த சீட்டை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், நிறம் ஒட்டினால் வண்டியை எடுக்காதீர்கள். தோலே மட்கி, இழுத்தால் பிய்கிற நிலையில் இருந்தால் கலர் உதவாது, அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தைக்க வேண்டும்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. இப்போதைய பல கார்களில் முன்சீட்டின் வெளிப்பக்க ஓரத்துக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும். சீட்டில் சின்னதாக 'ஏர்பேக்' என்று ஒரு பட்டை தைத்திருப்பார்கள். மோதலின்போது அந்த ஓரத்துத் தையல் பிரிந்து பை வெளியே வர வேண்டும், அதற்கென்றே கணக்காகத் தைத்திருப்பார்கள். அந்த இடத்தில் கெட்டி நூல் போட்டு இரட்டைத் தையல் அடித்தாலோ, ஓரம் முழுக்க இறுக்கமான கவர் மாட்டினாலோ, பசை வைத்து ஒட்டினாலோ பை வர வேண்டிய நேரத்தில் வராது, வந்தாலும் திசை மாறும். சீட்டைக் கழற்றும் முன் பேட்டரி வயரை எடுத்து, அந்த மாடலுக்குச் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்து, அதன் பிறகே அடியில் இருக்கும் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரைத் தொட வேண்டும். நீங்கள் வண்டியை விடப்போகும் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: என் சீட்டில் ஏர்பேக் எந்தப் பக்கம் இருக்கிறது, அந்தத் தையலை என்ன செய்வீர்கள், மஞ்சள் வயரை எப்போது கழற்றுவீர்கள். பதில் சொல்லத் தடுமாறினால் சாவியைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.