இருபது வருஷமாக நிறையாத டேங்க்

போன கார்த்திகையில் கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து போன் வந்தது. மாடியில் புதிதாகக் கட்டிய இரண்டு பாத்ரூமும் நன்றாக இருக்கின்றன, கீழே உள்ள பழைய கழிவறையில்தான் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு மேலே வருகிறது, வந்து பாருங்கள் சார் என்றார் வீட்டின் மூத்த மகன். பதினான்கு பேர் இருக்கும் கூட்டுக் குடும்பம். இளையவருக்கு ஆவணியில் கல்யாணம். அதற்காக மாடி எடுத்து, கொல்லை முழுக்க சிமெண்ட் போட்டிருந்தார்கள்.

நான் போனபோது மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வாசலிலேயே வீட்டுப் பெரியம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றார். "தம்பி, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க. எனக்கு மட்டும்தான் வாடை தெரியுதுங்கிறாங்க." கொல்லையில் உள்ள அடிபம்புத் தண்ணீர். வாடை எனக்கும் தெரிந்தது. அந்த வாரம் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் வயிற்றுப்போக்கு. வெளியில் எதையோ வாங்கித் தின்றிருப்பார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கொல்லைக்குப் போய் டேப் பிடித்துப் பார்த்தேன். அடிபம்புக்கும் கழிவறைக் குழிக்கும் நடுவே 22 அடி. குழி என்றால், ஒன்றன்மேல் ஒன்றாக உறை இறக்கி மேலே மூடி போட்டது. அடியில் தளம் கிடையாது. மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. கல்யாணத்துக்காகப் போட்ட சிமெண்ட் தரைக்கு வாட்டம் அந்தப் பக்கமாகவே கொடுத்திருந்ததால், கொல்லையில் விழுந்த மழை முழுவதும் அந்த மூலையை நோக்கி ஓடி, உடைப்பு வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணாக இருந்தவரை அந்தத் தண்ணீர் அங்கங்கே ஊறிப் போயிருக்கும்.

"இந்த டேங்க்ல ஒரு குறையும் இல்லை சார். இருபது வருஷமா நிறையவே இல்லை. லாரியே கூப்பிட்டதில்லை" என்றார் மூத்தவர். பெருமையாகத்தான் சொன்னார்.

இந்த வருஷம் இதே பேச்சைக் கேட்கும் ஐந்தாவது வீடு இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

நல்ல செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். கட்டி முடித்துப் புழங்கத் தொடங்கிய சில நாட்களிலேயே நிறைந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே ஒரு வாளி போனால், மறுமுனையில் தெளிந்த நீராக ஒரு வாளி வெளியே வந்தாக வேண்டும். கசடு அடியில் படியும், மேலே ஆடை கட்டும், நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறும். அப்படித்தான் அது வேலை செய்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துத்தான் நாங்கள் வீட்டுக்குத் திட்டம் போடுகிறோம். அதில் கழிவறைக்கு மட்டும் 45 லிட்டர். பதினான்கு பேருக்கு 630 லிட்டர். ஒரு நாளைக்கு 630 லிட்டர் உள்ளே போகிறது, வெளியே வரக் குழாய் இல்லை, இருபது வருஷமாக நிறையவும் இல்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கே போனது?

மண்ணுக்குள் போனது. மண்ணுக்குள் போனது அடிபம்புக்கு வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் குடித்தார்கள்.

"நிறையவில்லை" என்றால் ஒழுகுகிறது என்று அர்த்தம். இதை எத்தனை வீட்டில் சொன்னேன் என்று கணக்கில்லை. சொன்னவுடன், "எங்க தாத்தா காலத்துலேருந்து இப்படித்தானே இருக்கு" என்பார்கள். தாத்தா காலத்தில் குழியைப் புழங்கியது நான்கு பேர், வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். இப்போது பதினான்கு பேர், மூன்று கழிவறை, ஃபிளஷ் டேங்க், மாடியில் ஷவர், வாஷிங் மெஷின். எல்லாம் அதே உறைக் குழிக்குள். டெல்டாவில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் கையால் தொடும் அளவுக்கு மேலே வந்துவிடும். அடியில் தளம் இல்லாத குழிக்குள் அந்த நீர் தானாக ஏறி நிற்கும். அப்புறம் நீங்கள் ஊற்றுவது போக இடம் ஏது? வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் கழிவறை வழியாகத்தான் திரும்பி வரும். மாடியில் உள்ளவர்களுக்கு எதுவும் தெரியாது. கீழே இருக்கும் பாட்டிக்குத்தான் முதலில் தெரியும்.

மாடி டைல்ஸுக்காக அந்தக் குடும்பம் மூன்று முறை கடைக்குப் போய்வந்திருக்கிறது. குழி மூடியை ஒருமுறைகூட யாரும் திறந்து பார்க்கவில்லை.

பெரிய குடும்பத்துக்கு வீட்டை விரிக்கும்போது எல்லோரும் அறையைத்தான் எண்ணுகிறார்கள். முதலில் ஆளை எண்ணுங்கள். நிரந்தரமாக இருப்பவர்கள், பிரசவத்துக்கு வந்து ஐந்து மாதம் தங்கும் மகள், பள்ளி விடுமுறைக்கு வரும் பிள்ளைகள், அடுத்த பத்து வருஷத்தில் சேரப்போகும் மருமகள், பேரன் பேத்தி. இந்த வீட்டில் அப்படி எண்ணினால் இருபது வந்தது. இருபது பேருக்கு ஐஎஸ் 2470, அதாவது செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தர நிர்ணயம், சொல்லும் டேங்க் 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுப்பதாக இருந்தால் நீர் ஆழம் 1.8 மீட்டர். கொல்லையில் ஒரு கட்டில் போடும் இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இதைச் சொன்னதும், "இவ்வளவு சின்னதா போதுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. போதும். ஆனால் அடியிலும் சுவரிலும் ஒழுகாமல் பூசியிருக்க வேண்டும், நடுவில் தடுப்புச் சுவர் இருக்க வேண்டும், வெளியேறும் குழாயில் டி (ஆங்கில T வடிவ இணைப்பு) இருக்க வேண்டும், ஏர் பைப் கூரைக்கு மேலே போக வேண்டும். டி வைக்காமல் வெறும் குழாயை நீட்டிவிடும் மேஸ்திரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நூறு, இருநூறு ரூபாய்ப் பொருள். அது இல்லாவிட்டால் மேலே மிதப்பதெல்லாம், டேங்க்கிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும்.

குடிநீர் எடுக்கும் கிணறு, போர், அடிபம்பு எதுவானாலும் உறிஞ்சு குழியிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 60 அடி. அகலம் குறைந்த மனையில் இது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். அப்படி முடியாத இடத்தில் குடிப்பதற்கு ஊர்க் குழாய்த் தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீர் துணிக்கும் செடிக்கும் இருக்கட்டும்.

இன்னொன்று, இதை மேஸ்திரிகள் யாரும் சொல்லமாட்டார்கள். வாஸ்துப்படி போர் ஈசானிய (வடகிழக்கு) மூலை, செப்டிக் டேங்க் வாயு (வடமேற்கு) மூலை என்று வைக்கிறோம். ஒரு வீட்டுக்குள் பார்த்தால் இரண்டும் தள்ளித்தான் இருக்கும். ஆனால் வரிசை வீடுகளில் உங்கள் வாயு மூலையை ஒட்டியிருப்பது மேற்கு வீட்டுக்காரரின் ஈசானிய மூலை. உங்கள் டேங்க்குக்கும் அவர் போருக்கும் நடுவில் ஒரு மதில்தான். உங்கள் கிழக்கு வீட்டு டேங்க் உங்கள் போருக்குப் பக்கத்தில் இருக்கும். நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு வீட்டுக்காரரும் பேசி இடத்தை முடிவு செய்யுங்கள்.

அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்பது தனிக் கதை. மாடி எடுக்கும் முன் ஓரிடத்தில் தோண்டி, அடியில் என்ன இருக்கிறது என்று இன்ஜினியரை வைத்துப் பார்த்துவிடுங்கள். வாய் வார்த்தையை நம்பாதீர்கள். மேலே தண்ணீர்த் தொட்டி வைப்பதாக இருந்தால், ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்பதும் நினைவிருக்கட்டும்.

கொல்லையைப் பற்றிச் சொல்கிறேன். சேறு ஆகிறது, பாம்பு வருகிறது என்று முழுக்க சிமெண்ட் போடுகிறீர்கள். வேப்ப மரத்தையும் வெட்டிவிடுகிறீர்கள். நடக்கும் பாதைக்கும் துவைக்கும் கல்லைச் சுற்றியும் மட்டும் தளம் போடுங்கள், மற்றதை மண்ணாக விடுங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். 2003இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது கட்டிய குழிகள் பல இன்று குப்பை நிறைந்து கிடக்கின்றன. அவற்றைத் தூர்வாரினாலே பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: மாடி மழைக் குழாயைக் கொண்டுபோய் செப்டிக் டேங்க்கில் சொருகாதீர்கள். ஒரு நல்ல மழையில் உள்ளே இருக்கும் கசடு எல்லாம் கலங்கி வெளியே வந்துவிடும். குளியல் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் அதற்குள் வேண்டாம். வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள், கொசு முட்டையிடும்படி தேங்காமல் இருந்தால் போதும். வாரத்துக்கு ஒரு பாட்டில் ஆசிட் ஊற்றிக் கழிவறை கழுவும் பழக்கத்தையும் விடுங்கள். உள்ளே கசடைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

வயதானவர்களுக்குக் கீழேயே ஒரு வெஸ்டர்ன் கழிவறை, மூன்றடிக் கதவு, கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி. உள்ளே விழுந்துவிட்டால் கதவை மறித்துக்கொண்டு கிடப்பார்கள், உள்ளே தள்ளும் கதவை வெளியிலிருந்து திறக்க முடியாது. இதைச் சொன்னால் சிலர் அபசகுனம் என்கிறார்கள். ஒரு வீட்டில் அப்படிக் கதவை உடைக்க வேண்டியிருந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வருவதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். டேங்க்குக்குள் யாரையும் இறக்காதீர்கள். "பாதி காலியாத்தான் இருக்கு, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி இறக்குகிறார்கள். உள்ளே இருக்கும் விஷவாயு மூக்குக்குத் தெரியும் என்று நம்பாதீர்கள். அளவு கூடினால் மோப்பமே மரத்துப்போகும், ஆள் அப்படியே சரிந்துவிடுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் வரமாட்டார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று போவது இப்படித்தான். 2013ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது சிறைக்குப் போகும் குற்றம். சட்டத்துக்காக வேண்டாம், அந்த மனிதருக்கும் நம் வீட்டைப் போல ஒரு வீடு இருக்கிறது. லாரியைக் கூப்பிடுங்கள், குழாய் விட்டு உறிஞ்சட்டும். அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்றும் கேளுங்கள். வாய்க்காலில் கொட்டினால் அது உங்கள் வயலுக்குத்தான் வரும்.

அந்த வீட்டுக்கு வருகிறேன். அடிபம்பின் கைப்பிடியை அன்றே கழற்றச் சொன்னேன். தண்ணீரை எடுத்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மலக் கிருமி இருந்தது, நைட்ரேட் என்ற உப்பும் அளவுக்கு மேல். "கொதிக்க வைத்தால் போதாதா?" என்று மருமகள் கேட்டார். கிருமி சாகும் அம்மா, நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும் என்றேன்.

மாசியில் வேலை தொடங்கினோம். பழைய உறைக் குழியை லாரி வைத்துக் காலி செய்து, சுண்ணாம்பு போட்டு, மணலால் மூடினோம். புது டேங்க்கைக் கொல்லையின் மறுகோடியில் தரைக்குக் கொஞ்சம் மேலே எழுப்பிக் கட்டினோம். தண்ணீர் மட்டம் ஆறடிக்குள் வரும் ஊரில் உறிஞ்சு குழி உதவாது என்பதால், ஜல்லி நிரப்பிய வடிகட்டித் தொட்டி ஒன்றைக் கட்டி, அதிலிருந்து வரும் நீரை உயர்த்திய மண் மேட்டில் கல்வாழைக்கு விட்டோம். புதிதாகப் போட்ட சிமெண்ட் தரையில் பாதியை உடைக்க வேண்டியிருந்தது. மூத்தவருக்கு அது வலித்தது. கல்யாணத்துக்கு முன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டிருந்தால் அந்தச் செலவே இல்லை.

போன வாரம் போயிருந்தேன். முதல் மழை வந்துவிட்டது, கீழே கழிவறையில் தண்ணீர் ஏறவில்லை. பெரியம்மா வெறும் பம்பைக் காட்டி, "கைப்பிடியை எப்பத் தம்பி திரும்ப மாட்டலாம்?" என்று கேட்டார். மண்ணில் இருபது வருஷமாக இறங்கியது ஒரே மழையில் போகாது. மழை முடிந்து தை மாதம் மறுபடி தண்ணீர் எடுத்து அனுப்பிப் பார்க்கலாம், அதுவரை தெருக் குழாய்த் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.