'நாட்வித்ஸ்டாண்டிங்': சொல் விளக்கம்

ஆங்கிலச் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் அடிக்கடி எதிர்ப்படும் 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்பது 'நாட்', 'வித்', 'ஸ்டாண்டிங்' என்ற மூன்று சிறு சொற்களின் சேர்க்கை. 'இல்லை', 'உடன்', 'நிற்கும்' என்று பிரித்துப் பார்ப்பவருக்குப் பொருள் கிட்டாது. இடர்ப்பாடு நடுச்சொல்லில் இருக்கிறது. இன்று 'உடன்' எனப் பொருள் தரும் 'வித்', பழைய ஆங்கிலத்தில் முதன்மையாக 'எதிராக' என்ற பொருளிலேயே வழங்கியது. உடனிருத்தலைக் குறிக்க அப்போது 'மிட்' என்ற வேறு சொல் இருந்தது. மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்பதில், பெண்ணுடன் இருப்பவள் என்ற பொருளில், அது இன்றும் தங்கியிருக்கிறது. 'வித்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நிற்றல். ஆகவே முழுச்சொல்லின் நேர்ப்பொருள் 'எதிர்த்து நில்லாமல்', அதாவது 'தடையாகாமல்' என்பதாகும்.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுத்தில் தோன்றிய இச்சொல், 'நோன் ஒப்ஸ்டான்டே' என்ற லத்தீன் தொடரின் மொழிபெயர்ப்பு. போப்பாண்டவர்களின் ஆணைகளில் வழங்கிய அத்தொடரை 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து மன்னர்களும் கையாளத் தொடங்கி, நடப்பிலுள்ள சட்டத்திலிருந்து தாம் விரும்பியவர்க்கு விலக்களித்தனர். இரண்டாம் ஜேம்ஸ் இந்த அதிகாரத்தைப் பெருமளவில் பயன்படுத்தியதால் எழுந்த பூசலுக்குப் பின், 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், நாடாளுமன்றம் இடம் தந்தாலன்றி அத்தகைய விலக்கு செல்லாது என்று வரையறுத்தது. சட்டமியற்றும் அவைகளோ அச்சொல்லைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகின்றன. இந்திய அரசமைப்பின் 371அ உறுப்பு அதைக் கொண்டே தொடங்குகிறது: நாகா மக்களின் சமய, சமூக வழக்கங்கள் பற்றிய நாடாளுமன்றச் சட்டம், நாகாலாந்துச் சட்டப்பேரவை தீர்மானித்தாலன்றி அம்மாநிலத்திற்குப் பொருந்தாது.

தமிழில் இதற்கு 'ஆயினும்' என்று எழுதுவது போதாது என்பது என் துணிபு. அது இரு செய்திகளுக்கிடையே உள்ள முரணைச் சொல்லுமே தவிர, ஒரு விதி மற்றொன்றை மீறி நிற்கும் என்று சொல்லாது. 'பொருட்படுத்தாமல்' என்பதும் ஒருவரின் மனப்போக்கையே சுட்டுகிறது. சட்ட வாசகத்தில், 'இவ்வரசமைப்பில் எது எவ்வாறிருப்பினும்' என்ற வழக்கு தெளிவானது, ஐயத்திற்கு இடந்தராதது. பொது உரைநடையில் 'மழை பெய்தபோதிலும் கூட்டம் நடந்தது' என்பதே இயல்பு. மூலத்தின் நேர்ப்பொருளையும் காட்ட வேண்டிய இடங்களில் 'தடையாகாது' என்ற சொல்லை ஆளலாம்: 'முந்தைய ஒப்பந்தம் இதற்குத் தடையாகாது.'