மதர்போர்டில் காசைக் கொட்டுகிறவர்களுக்கு

போன கிழமையும் ஒரு கம்ப்யூட்டர் மெஷின் என்னிடம் வந்தது. கண்ணாடிக் கேஸிங், ஏழு நிறத்தில் லைட், உள்ளே இஸட்790 என்ற விலை கூடிய மதர்போர்டு, அதாவது பாகங்களெல்லாம் பூட்டும் பலகை. புரொசசரைப் பார்த்தால் இன்டெலின் மலிவு ரக ஐ3 12100. "பிறகு பெருசாக்கலாம் எண்டுதான் தம்பி போர்டை நல்லதா எடுத்தனாங்கள்" என்றார் தகப்பன். மகனுக்கு இப்போது கட்டடக்கலைப் படிப்பு. விஜிஏ கார்டும் (படம் காட்டும் கார்ட்) வேண்டும், புதிதாக வந்திருக்கும் புரொசசரும் வேண்டும்.

புதிய புரொசசர் அந்தப் போர்டில் ஏறாது. அதில் புரொசசர் உட்காரும் இடமான எல்ஜிஏ1700 சொக்கெட், இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு முடிந்துவிட்டது. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 வேண்டும். 14ஆம் தலைமுறை ஐ5 ஒன்று போடலாம். ஆனால் அதை இதைவிட எவ்வளவோ மலிவான பி760 போர்டும் ஏற்றிருக்கும். இஸட் போர்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி ஓவர்கிளொக் செய்யும், அதாவது புரொசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் வசதிக்கு. அதற்கு 'கே' என்று முடியும் புரொசசர் வேண்டும். 12100இல் அது கிடையாது.

போர்டின் விலை கூடினால் அதன் ஆயுளும் கூடும் என்ற நினைப்பு எங்கிருந்துதான் வருகிறதோ! 2017 ஜனவரியில் இன்டெலுக்கான இஸட்270 போர்டுகளை வாங்கியவர்களைக் கேளுங்கள். அதே வருடம் ஒக்டோபரில் 8ஆம் தலைமுறை புரொசசர்கள் வந்தன. சொக்கெட்டின் பெயர் அதே 1151, பின்களின் எண்ணிக்கையும் அதே. ஆனாலும் வேலை செய்யாது. மலிவான போர்டுக்கும் விலை கூடிய போர்டுக்கும் ஒரே கதிதான். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் நிலைமை வேறு. 2017இல் முதல் ரைசன் புரொசசரோடு வாங்கிய ஏஎம்4 சொக்கெட் போர்டுகள் பலவற்றில், போர்டுக்குள் இருக்கும் பயோஸ் மென்பொருளை அப்டேட் செய்துவிட்டு, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி புரொசசரைப் போட முடிந்தது. இப்போதைய ஏஎம்5 சொக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆக, பார்க்க வேண்டியது சொக்கெட்டை. லைட்டை அல்ல.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் பழைய கம்ப்யூட்டரில் எப்போதாவது புரொசசர் மாற்றினீர்களா? என்னிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலானவை வாங்கிய நாள் புரொசசரோடேயே ஓய்வு பெறுகின்றன. நீங்களும் அந்த ரகம் என்றால், அப்கிரேடுக்கென்று காசு கட்டாதீர்கள். இன்றைக்குத் தேவையான புரொசசரையே வாங்குங்கள். "இரண்டு வருஷத்தில் விலை இறங்கும்" என்று யூடியூபில் சொல்வது டொலர் கணக்கு. 2022இல் இலங்கையில் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை நாங்கள் பார்த்தவர்கள்தானே.

சரி, அந்தத் தகப்பனின் மெஷினுக்கே வருகிறேன். பவர் சப்ளை கேஸிங்கோடு சும்மா வந்தது. மேலே பெரிய எழுத்தில் 500 வாட். பக்கத்து ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 12 வோல்டுக்கு 18 ஆம்பியர். புரொசசரும் விஜிஏ கார்டும் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்டில்தான். பெருக்கிப் பாருங்கள்: 216 வாட். விஜிஏ கார்டுக்கான 8 பின் வயரே அதில் இல்லை. போர்டில் மிச்சம் பிடித்திருந்தால் தரமான 650 வாட் ஒன்று வந்திருக்கும். அடுத்த மெஷினுக்கும் கழற்றிப் பூட்டலாம். எஸ்எஸ்டியும் கேஸிங்கும் அப்படித்தான், கூட வரும். போர்டு வராது.

ரேம் பூட்ட இரண்டே இடம் உள்ள போர்டு என்றால் 8 ஜிபி இரண்டு போடாமல் 16 ஜிபி ஒன்றாகப் போட்டு, பிறகு கூட்டிக்கொள்ள ஒரு இடத்தைக் காலியாக விடுங்கள். விஜிஏ கார்ட் இல்லாமல் கேம் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் இது சரிவராது. இரண்டாகப் போட்டால்தான் அவர்களுக்கு வேகம் கிடைக்கும். டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 போர்டில் ஏறாது. பலம் போட்டு அமர்த்திக்கொண்டு வராதீர்கள், தயவுசெய்து.

கொழும்பு பம்பலப்பிட்டியோ வேறெங்கோ, கொட்டேஷன் வாங்கும்போது 'பவர் சப்ளை 500 வாட்' என்று மட்டும் எழுதித் தந்தால் காசை எடுக்காதீர்கள். மொடல் பெயரை எழுதச் சொல்லுங்கள். பெட்டியைத் திருப்பி, அந்த ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியை நீங்களே வாசியுங்கள்.