ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத கார்

வீட்டில் கட்டிய நகல் கார் விபத்துகளில், இந்த ஆண்டில் இது எனக்கு வந்த மூன்றாவது கோப்பு. பல்லடம்–உடுமலை சாலையில் ஒரு வளைவு. வெள்ளி நிறத்தில் சின்னதாக ஒரு திறந்த கார். 1953-இல் வெளிவந்த போர்ஷே 550 ஸ்பைடரின் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, பொறியியல் படித்த ஒரு தம்பி தோட்டத்துச் சாளையில் இரண்டு வருடம் பாடுபட்டுக் கட்டியது. வளைவில் பின்பக்கம் தானாகத் திரும்பியிருக்கிறது. எதிரே பால் கேன்களோடு மொபெட்டில் வந்தவருக்குத் தொடை எலும்பு முறிவு. தம்பிக்குத் தாடையில் தையல்.

நான் வாகனக் காப்பீட்டில் இழப்பு மதிப்பீட்டாளன். சேதத்தைப் பார்த்து, காரணத்தைக் கண்டறிந்து அறிக்கை எழுதுவது என் தொழில். கோப்பில் இருந்தது மாருதி 800, மூடிய சலூன். என் முன்னால் கிடந்ததோ கூரையே இல்லாத, இரண்டு இருக்கை வண்டி.

"ஆர்.சி. இருக்கிறதுங்களே சார், இன்சூரன்ஸும் போன மாதம்தான் கட்டினோம்" என்றார் தம்பியின் அப்பா.

மூன்று வீட்டிலும் இதே பேச்சைத்தான் கேட்டேன். பழைய 800 ஒன்றை வாங்குகிறார்கள். பதினைந்து வருடம் முடிந்த வண்டியென்றால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுத்த கையோடு அறுக்கிறார்கள். சேஸிஸ் எண் பொறித்த தகட்டுத் துண்டைப் பத்திரமாக வெட்டி எடுத்து, சதுரக் குழாயில் கட்டிய புதுச் சட்டத்தில் ஒட்டவைக்கிறார்கள். எண் இருக்கிறது, ஆகவே வண்டி இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

ஐயா, ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று ஓர் எண்ணுக்குக் கொடுத்த அனுமதி அல்ல. அதில் உள்ளதை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். தயாரிப்பாளர், மாடல், உடல் வகை, இருக்கைகள், காலி எடை, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளி. மாருதி 800-க்கு அந்த இடைவெளி 2175 மில்லிமீட்டர். ஸ்பைடருக்கு 2100. தம்பி நுணுக்கமாக 2100-இலேயே கட்டியிருந்தார். எவ்வளவு அக்கறையாக நகல் எடுக்கிறீர்களோ, அவ்வளவுக்கு ஆர்.சி.யிலிருந்து விலகிப் போகிறீர்கள். அதோடு, 800-க்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்த ஒரே கூடு. அதை அறுத்து எறிந்த நாளிலேயே அந்த ஆர்.சி. குறிப்பிடும் வண்டி இல்லாமல் போய்விட்டது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "வின்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது. 2021-இல் வந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத அசல் வண்டிகளுக்கு மட்டும்தான்.

தம்பியின் காருக்கு இழப்பீடு வராது என்றே நினைக்கிறேன். பால்காரரின் வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்தாலும், அதைத் திரும்பக் கேட்டு இந்தக் குடும்பத்தின் மீது வரக்கூடும். தோட்டத்தை விற்றுக் கட்ட வேண்டிய தொகையாகவும் அது இருக்கலாம்.

இனி, உடைந்தது எது என்று சொல்கிறேன். 800-இன் எஞ்சின், கியர்பாக்ஸ், முன்சக்கரங்கள் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகக் கழற்றி, இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்தார். அவை திரும்புவதற்கென்றே செய்த சக்கரங்கள். பின்னால் போனபிறகு திரும்பாமல் இருக்க, இருபுறமும் ஒரு கம்பியால் சட்டத்தோடு கட்ட வேண்டும். கடையில் வாங்கிய மரைக்கம்பியில் நட்டை வைத்து வெல்டிங் செய்திருந்தார். வெல்டிங்கின் ஓரத்திலேயே முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி துருவேறிப் பழையதாக இருந்தது. மீதி பளபளவென்று புதிதாக இருந்தது. அதாவது, பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டுக்கொண்டே ஓடியிருக்கிறது. வெளியே பெயின்ட் அழகாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

"கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறோம், நாமக்கல்லில் லாரிக்குக் கட்டுகிறோம், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டியே செய்கிறோம், இந்தச் சின்னக் கார் எம்மாத்திரம்?" என்று பட்டறைக்காரர்களே கேட்கிறார்கள். அந்தக் கைத்திறமையின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் அங்கே கட்டுவது தயாரிப்பாளர் கொடுத்த சேஸிஸின் மேல். ஸ்டீயரிங்கையோ அச்சையோ பிரேக்கையோ நீங்கள் செய்வதில்லை. இங்கே அத்தனையும் நீங்கள் செய்தது. கனமான குழாய் போட்டால் போதும் என்ற நினைப்பும் வேண்டாம். அசல் ஸ்பைடர் சுமார் 550 கிலோதான். எடை கூடக் கூட, அதே சின்ன பிரேக்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களைக் காட்டாதீர்கள். அமெரிக்காவில் பழைய போர்ஷே நகல்கள் பல, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் தரைச்சட்டத்தின் மேல் எழுந்தவை. பீட்டிலின் மேற்கூட்டைப் போல்ட் கழற்றித் தனியே தூக்கிவிடலாம்; கீழே தரைச்சட்டம் அப்படியே இருக்கும். பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைக் கொண்டுபோய்ப் பரிசோதித்து, தேறினால் பதிவு செய்ய முறை இருக்கிறது. இங்கே புது மாடலென்றால் புனேயிலோ ஒரகடத்திலோ உள்ள சோதனை மையங்களில் தயாரிப்பாளருக்குரிய முழுச் சோதனைகளுக்கும் உட்பட வேண்டும். ஒரே ஒரு கார் கட்டுகிறவருக்கு அது எட்டாத வழி.

கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் கோவையின் கரிவரதன் 1980-களின் இறுதியில் இதே மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். அவை ஓடியது பந்தயத் தளத்தில். அவர் பெயரிலேயே செட்டிபாளையத்தில் 2003 முதல் தளம் இருக்கிறது. ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி ரத்து செய்துவிட்டு, காரை டிரெய்லரில் ஏற்றி அங்கே கொண்டுபோங்கள். அங்கே காரைப் பார்க்கும் பரிசோதகர் குறை சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்களில் வெல்டிங் வைக்காதீர்கள். மரைக்கம்பி வேண்டாம்; கம்பெனி டை ராடு எண்டு போடுங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் இரட்டைச் சுற்றை ஒற்றையாக்காதீர்கள். ஃபைபர் வேலையில் ரெசினை இறுகவைக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. இதை எத்தனை முறை சொல்வது?

தம்பிகளே, அப்பாக்களே, அறுக்கும் இயந்திரத்தில் மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை வந்து என்னைப் பாருங்கள். கட்டணம் வேண்டாம். அந்தக் கம்பி எப்படி உடைந்தது என்று படம் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன். ஞாயிறு காலைகளில் வீட்டில்தான் இருப்பேன்.