இரண்டாம் நாள் முட்டு வலி

நாலைந்து நாள் கூட்டாக சைக்கிளில் சுற்றிவிட்டு, முட்டு வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த நாளில் தொடங்கியது?" என்பதுதான். பெரும்பாலும் இரண்டாம் நாள் மத்தியானம் என்பார்கள். "கூட வந்தவர்களிடம் சொன்னீர்களா?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு. "என்னல ஆச்சு?" என்று நண்பன் கேட்டிருப்பான். "ஒண்ணுமில்ல மக்கா, நீ போ" என்று இவர் சொல்லியிருப்பார். அதற்கு மேலும் இரண்டு நாள் மிதித்திருப்பார்.

நாகர்கோவிலில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு, தனியாக ஓட்டுகிறவர்களைவிடக் கூட்டமாகப் போகிறவர்களைப் பற்றித்தான் கவலை அதிகம். தனியாகப் போகிறவர் வலித்தால் நின்றுவிடுவார். கூட்டத்தில் யாருக்கும் 'நம்மால்தான் லேட்' என்ற பெயர் வாங்க மனசு வராது. நன்றாக ஓட்டுகிற ஒருவர் முன்னால் போவார், அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

முட்டின் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால், ஐந்து மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டும் 21,000 முறை மடங்கி நீள்கிறது. சீட் கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் அத்தனை முறையும் முட்டுச்சில்லில் அழுத்தம் கூடும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் பின்பக்கம். சரிபார்க்க மெக்கானிக் வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டு லேசாக மடங்கியே இருக்கும், அதுதான் அளவு. இதைப் புறப்படுகிற அன்று காலையில் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்பே சீட்டை வைத்து ஓட்டிப் பழகுங்கள். தம்பியின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

நம் மாவட்டம் சின்னதுதானே, தூரம் என்ன பெரிய தூரம் என்று தோன்றும். முட்டுக்குத் தூரத்தைவிட ஏற்றமும் காற்றும்தான் பகை. மார்த்தாண்டம் தாண்டிக் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் போனால் ஒரு ஏற்றம் முடிவதற்குள் அடுத்த ஏற்றம் வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரும் குழுவுக்கு அது எதிர்க்காற்று. அங்கே கனமான கியரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். லேசான கியருக்கு மாறி, கால் வேகமாகச் சுழலும்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதியிலும் முட்டுக்கு விழுகிற பளு குறையும். வேகம் குறையத்தான் செய்யும், குறையட்டும்.

காஷ்மீரிலிருந்து சுமார் 3,700 கிலோமீட்டர் ஓட்டிக் கன்னியாகுமரி வந்து சேர்கிறவர்களிடம் வேறொரு தொல்லையையும் பார்க்கலாம்: சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருக்கும், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவார்கள். ஹேண்டிலில் உள்ளங்கையை ஊன்றியே ஓட்டுவதால் மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நசுங்குகிறது. அடிக்கடி பிடியை மாற்றினால் போதும். மரத்துப்போனது நாள் கணக்கில் மாறாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

குளச்சல், முட்டம் கடற்கரைச் சாலையில் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை ஆறாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். பையில் ஓஆர்எஸ் பாக்கெட்டும் நாலு மட்டி வாழைப்பழமும் இருக்கட்டும். பல நூறு ரூபாய்க்கு விற்கிற எனர்ஜி பாருக்கு இந்த ஊரில் என்ன அவசியம் என்று எனக்குப் புரியவில்லை.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவது எனக்கு அறவே பிடிக்காது. வலி மறையும், உள்ளே காயம் வளரும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவை சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். கடுமையாக ஓட்டியபின் சிறுநீர் கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற ஆபத்து அது. பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழுவாகச் செய்ய வேண்டியது என்ன? மெதுவாக ஓட்டுகிறவரை முன்னால் விடுங்கள். மணிக்கொரு முறை நில்லுங்கள். "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், 'இல்லை' என்றுதான் பதில் வரும். "எங்கல வலிக்கு?" என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஏதாவது ஓரிடம் வலிக்கத்தான் செய்யும், தொடையில் அசதி என்று ஒருவர் ஆரம்பித்தால் முட்டு வலிக்காரரும் வாயைத் திறப்பார். குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) ஓட்டுகிற ஒருவரின் நம்பரைப் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முட்டு வலிக்காரர் ஒரு நாள் சைக்கிளோடு அதில் வரட்டும். மறுநாள் காலையில் தங்கிய இடத்தின் மாடிப்படியை வலியில்லாமல் இறங்க முடிந்தால் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். படியில் வலித்தால் அன்றைக்கும் குட்டி யானைதான்.