ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை, டயர் ஏன் திரும்புகிறது?

முன்பக்கம் சாலிட் ஆக்சில் (இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் ஒரே அச்சு) மாற்றி உயர்த்திய ஒரு பிக்கப், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறதே, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

முதலில் பின்னணி. அமெரிக்காவில் விற்ற டொயோட்டா நான்கு சக்கர இயக்கப் பிக்கப்புகளில் 1985 வரை முன்பக்கமும் சாலிட் ஆக்சில்தான். 1986 மாடலில் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் வந்தது. தார்ச்சாலையில் அது சுகம். ஆனால் வண்டியை அதிகம் உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் இணைப்புகள் ரொம்ப வளைந்து சீக்கிரம் உடையும். சாலிட் ஆக்சிலில் அந்தத் தொல்லை இல்லை, அப்புறம் ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மறுபக்கச் சக்கரம் கீழே அழுத்தப்படும், பிடிமானம் போகாது. அதனால்தான் கலிஃபோர்னியாவின் ரூபிகான் டிரெயில் போன்ற பாறைத் தடங்களுக்குப் போகிறவர்கள் புது அமைப்பை வெட்டி எறிந்துவிட்டுப் பழைய ஆக்சிலை வெல்ட் செய்கிறார்கள்.

காயில் ஸ்பிரிங் போட்டால் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு கம்பி வேண்டும். அதுதான் பானார்ட் ராடு. ஒரு முனை சேசிஸில், மறுமுனை எதிர்ப்பக்கம் ஆக்சிலில். கிட்டத்தட்ட அதே திசையில் இன்னொரு கம்பியும் போகிறது: ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டிராக் லிங்க் (drag link).

இப்போது கவனியுங்கள். ஒரு முனை நிலையாக இருக்கும் கம்பியின் மறுமுனை நேராக ஏறி இறங்காது, வட்டத்தில்தான் போகும். 90 செ.மீ. கம்பி படுக்கையாக இருக்கும்போது முனை 10 செ.மீ. இறங்கினால், பக்கவாட்டில் நகர்வது சுமார் 6 மி.மீ.தான், பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் போதும். ஆனால் வண்டியை உயர்த்தியதால் அந்தக் கம்பி ஏற்கனவே 10 செ.மீ. சரிந்திருந்தால், அதே 10 செ.மீ. இறக்கத்துக்கு 17 மி.மீ. நகரும்! இரண்டு கம்பிகளும் ஒரே நீளத்தில், ஒரே சரிவில் இருந்தால் கவலையில்லை, ஆக்சிலும் டிராக் லிங்க்கும் சேர்ந்தே நகரும், டயர் நேராக நிற்கும். பானார்ட் ராடுக்கு மட்டும் தாழ்வான பிராக்கெட் வைத்துப் படுக்கையாக்கிவிட்டு டிராக் லிங்க்கைச் சரிவாகவே விட்டால்தான் வினை. 11 மி.மீ. வித்தியாசம் வரும், டிராக் லிங்க் பிடித்துத் தள்ளும் 15 செ.மீ. ஸ்டீயரிங் ஆர்மில் அது ஏறக்குறைய 4 டிகிரி. நெடுஞ்சாலை வேகத்தில் 4 டிகிரி என்பது பக்கத்து லேன். எவ்வளவு சின்ன வடிவியல், எவ்வளவு பெரிய விளைவு!

இதற்குப் பலர் பெரிய ஸ்டீயரிங் டாம்பரை (அதிர்வைக் குறைக்கும் ஷாக் அப்சார்பர் போன்ற பாகம்) வாங்கி மாட்டுகிறார்கள். அது உதறலைக் கொஞ்சம் மறைக்குமே தவிர கம்பிகளின் சரிவை மாற்றாது. இன்னொருவர் வண்டியில் வேலை செய்தது என்பதற்காக அதே பிராக்கெட்டை அளக்காமல் தன் வண்டியில் வெல்ட் செய்வதையும் நான் மூடநம்பிக்கை என்றுதான் சொல்வேன். வண்டிக்கு வண்டி சேசிஸ் அகலமும் ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும் இடமும் வேறு.

சரி, எப்படிச் சோதிப்பது? கடைசி வெல்டிங்குக்கு முன்பே சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நேராகக் கட்டிவிட்டு, ஜாக்கியால் ஆக்சிலை 5 செ.மீ., 5 செ.மீ. ஆக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் டயரின் திசையை அளந்து எழுதுங்கள். அளவு மாறிக்கொண்டே போனால், ஏதாவது ஒரு கம்பியின் முனையை ஏற்றியோ இறக்கியோ வைத்து மறுபடி அளங்கள்.